சலங்கையின் விலை
ஊவாத் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்துக்கு ரதி, மன்மதன் வேடங்களைக் கூத்து வாத்தியார் லயத்து இளைஞர்களுக்கே பழக்குகிறார். பரதத்தின் கதை வேறு. சதிராடிய பெண்களிடமிருந்து 1930களில் மேட்டுக்குடி மேடைக்குச் சென்ற அக்கலை, பதுளைப் பாடசாலைக்கு வருகையில் அம்மேடையின் செலவையும் கூடவே கொணர்கிறது.

பரதம் க.பொ.த. சாதாரண தரப் பாடமானதை வரவேற்கிறோம். ஆயினும், தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளையைத் தேரும்போது நாம் அளப்பது அடவையா, பெற்றோரின் மடிச்சீலையையா? கொழுந்து பறிக்கும் தாய் கடன்பட்டுச் சலங்கை வாங்குகிறாள். அக்கடனை அறிந்த பிள்ளை, அரைமண்டியில் முழங்கால் நொந்தாலும் வாய் திறப்பதில்லை. கழிக்கப்பட்ட பிள்ளையோ தன் நிறத்தையும் உடலையும் நொந்துகொள்கிறது.

ஆடை அணிகளைப் பாடசாலை பொதுவில் வைக்கட்டும். தேர்வின் அளவுகோலைப் பெற்றோர் அறியட்டும். வலிக்கிறதென்ற பிள்ளை அச்சமின்றி அமரட்டும். அன்றுதான் அது கலைக்கல்வி.