அதிரதன் பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால்?

காஞ்சிபுரத்தைச் சுத்தியுள்ள ஊர்களில் பாரத விழா வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதில் சனங்க விடிய விடிய உட்கார்ந்து அழுவது ‘கர்ண மோட்ச’த்துக்குத்தான். சாவுக் காரியத்துக்கும் இதை ஆடவைப்பதுண்டு. புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் பிரதி. நம்ம சேரி சனமும் கர்ணன் கட்சிதான். ‘தேரோட்டி மகன்’ என்கிற ஒரு வசவு போதாதா?

அழுது முடித்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கு. எந்தக் கர்ணனுக்காக அழுதோம்?

அர்ச்சுனனுக்குச் சமமாக வில்லோடு நின்றவனிடம் குலம் கேட்கிறார்கள். வளர்த்த அப்பன் அதிரதன் சபைக்குள் வந்ததும், வில்லை வைத்துவிட்டுச் சாட்டையைப் பிடி என்கிறான் பீமன். அண்ணன் என்று தெரியாமல் பேசிட்டான் என்று பாரதம் சமாதானம் சொல்லும். அப்படியென்றால் அண்ணனாக இல்லாதவனைப் பேசலாம் என்றுதானே அர்த்தம்?

கூத்தில் பொன்னுருவி, கட்டின புருஷனையே கீழ்ப்பிறப்பு என்று கிட்டச் சேர்க்காதவள். கடைசிச் சண்டைக்கு விடைபெற வந்தவனை அவள் ஏசும்போது கூட்டம் கொதிக்கும். அவன் தன் பிறப்பைச் சொன்னதும் அடங்கிப்போகிறாள். எனக்குக் கசப்பது இந்த இடம். மாறியது அவள் மனசில்லை, அவனுடைய குலம். குந்தி மடியில் கிடத்தி அழும்போது பாண்டவர்கள் பதறுவதும் அதே கணக்குதான். அதுவரைக்கும் எதிரிப் பிணம், அப்புறம் அண்ணன் பிணம். ஆற்றில் வந்த பெட்டிக்குள் ராஜ ரத்தம் இல்லாமல் போயிருந்தால்?

துரியோதனனிடம் அவன் காட்டிய விசுவாசத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அவமானப்பட்ட அன்றைக்கே அங்க நாட்டைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தவன் அவன் ஒருத்தன்தான். ஆனால் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது கர்ணனைக் கெடுத்ததும் அந்த விசுவாசம்தான். ‘செஞ்சோற்றுக் கடன்’ யாருக்கு வசதி? 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், முன்பணம் வாங்கின குடும்பத்துப் பிள்ளைகள் இந்த ஊர்ப் பட்டுத்தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் உப்பிட்டவர் பேச்சுதான்.

ஊரும் சேரியும் அண்ணன் தம்பியாப் பழகுறோம் என்பார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளுக்கு அடி விழுந்தது. ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அஞ்சு அண்ணன்தம்பி பெண்டாட்டிக்குக் கட்டின கோயில் அது.

மாரி செல்வராஜ் 2021இல் எடுத்த ‘கர்ணன்’ பாரதத்துப் பேர்களை எடுத்துக்கொண்டு பிறப்பு ரகசியத்தைக் கழற்றிவிட்டது. அந்தக் கர்ணன் பொடியங்குளத்துப் பையன், அவ்வளவுதான். துரியோதனன் ஊர்ப் பெரியவர். அடிக்க வரும் போலீஸ் அதிகாரிக்குப் பேர் கண்ணபிரான்.

கூத்து மேடையிலும் இதைச் செய்யலாம். நான் பார்த்த ராத்திரிகளில் குந்திதான் அழுதாள். பால் கொடுத்து வளர்த்த ராதைக்கு ஒப்பாரி இல்லை. ஒண்ணு கட்டிப் பாடச் சொல்லி நம்ம பக்கத்து வாத்தியார்களைக் கேட்க வேண்டும்.