பலாப் பலகையில் ஒரு ஆல்கோ

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது. கீழே நாமக்கல்லுக்கே 2013இல்தான் சேலம்–கரூர் பாதை வந்தது. மேலே ஏற காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட இடத்தில், செம்மேட்டில் என் வீட்டு மேசைமேல், ஐந்து வாரமாக ஒரு டபிள்யூ.டி.எம்.-2, அதாவது ஆல்கோ டீசல் என்ஜினின் மாடல், ஓடுகிறது. 87இல் ஒரு பங்கு அளவு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாள இடைவெளி, 12 வோல்ட். மற்றதெல்லாம் பெட்டிமேலேயே அச்சடித்திருக்கிறது. பெயின்ட்டுக்கும் தலைமயிர் கனத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கும் நூற்றுக்கு நூறு போடலாம்.

சத்தம்தான் தாங்கவில்லை.

1964 முதல் காசியில் கட்டிய நிஜ ஆல்கோவும் சத்தக்காரன்தான். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். நின்றபடியே அது குமுறுவதைக் கேட்பதற்கென்றே ஸ்டேஷனுக்குப் போன ஆள் நான். இது அந்தக் குமுறல் இல்லை. மிக்ஸியில் மிளகு திரிக்கிற சத்தம்.

சென்னைக் கடையில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். அங்கே தலைக்குமேல் ஃபேன், வாசலில் பஸ். இங்கே ஃபேனுக்கு வேலையில்லை. ராத்திரி எட்டு மணிக்குமேல் மூன்று வளைவு தள்ளி ஜீப் கியர் மாற்றுவதுகூடக் கேட்கும். கடைக்காரருக்கு போன் போட்டால், "புது வண்டி சார், ஓட ஓட அடங்கிடும்" என்றார். முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி என்று தினமும் ஓட்டினேன். அடங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "ராத்திரியில என்னத்த கண்ணு அரைக்கிற?" என்று விசாரித்தார்.

மூன்றாவது வாரம் வண்டியை ஸ்பாஞ்சில் மல்லாத்திப் போட்டு, ஒயரை நேராகச் சக்கரத்தில் வைத்தேன். பாதிச் சத்தத்தைக் காணோம்! தண்டவாளத்தை நான் ஆணியடித்து இறுக்கியிருந்தது உள்ளூர்ப் பலாப் பலகையில். வீணையும் மிருதங்கமும் கடைகிற மரம்; அதன்மேல் ரயில் விட்டால் கச்சேரி நடக்காமல் என்ன செய்யும்? ஆணியைப் பிடுங்கிவிட்டு அடியில் கார்க் ஷீட் ஒட்டினேன்.

மீதிப் பாதி வண்டியுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. அதுவும் ஒரே திசையில். கேபின் முன்னால் போனால் இரைச்சல், என்ஜின் கூடு இருக்கிற நீளப் பக்கம் முன்னால் போனால் பூனை நடை. கிரீஸ் போதாமல் இருந்தால் இரண்டு பக்கமும்தான் கத்தும். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரப் பற்களுக்குக் கொடுக்கிற வார்ம் கியர் முன்பின்னாக ஆடுகிறது. ஒரு திசையில் ஓடும்போது முனை போய் உரசுகிறது. மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் தீரும். அதற்கு மேல்கூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் வாரன்ட்டி போய்விடும். இதே கம்பெனியின் மூன்று என்ஜின்கள் முனகாமல் ஓடுகின்றன என்பதால்தான் கோபம் இரட்டிப்பாகிறது. கைப்பிடிக் கம்பிக்குக் காட்டிய அக்கறையில் காலணா உள்ளே காட்டக் கூடாதா?

திருப்பி அனுப்பலாம். ஆனால் 70 வளைவு இறங்கி நாமக்கல் கூரியர் ஆபீசில் நிற்க வேண்டும். அந்தக் கம்பிகள் முழுசாகப் போய்ச் சேருமா என்பது வேறு கதை. அதனால் வாரன்ட்டி முடிகிறவரை நீளப் பக்கம் முன்னால்தான் ஓட்டப் போகிறேன். நிஜ டபிள்யூ.டி.எம்.-2களும் திசை திருப்பிவிட வழியில்லாதபோது, டிரைவருக்குப் பாதை சரியாகத் தெரியாவிட்டாலும், அப்படி ஓடியவைதான். வாரன்ட்டி முடிந்த மறுநாள் ஸ்க்ரூடிரைவர்.

ஃபேன் ஓடுகிற ஊர்க்காரர்கள் தாராளமாக வாங்கலாம். மலைக்காரர்கள் கடையில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.