சாட்சியும் சான்றுப்பொருளும்

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கும் நண்பரோடு சென்ற மாதம் ஒரு தகராறு. பத்திரிகை தர்மம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் நிருபர்கள் அதன்படி நடக்கிறார்களா என்பதில் ஆரம்பித்தது. அவர் கட்சி சுலபமானது. செய்தி உண்மையா? உண்மை என்றால் நிருபர் தன் தர்மத்தைச் செய்து முடித்துவிட்டார். காசு வாங்கிக்கொண்டு எழுதுவது, நடக்காததை நடந்ததாக எழுதுவது, மந்திரி வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து மந்திரியைப் புகழ்வது, இவைதாம் அதர்மம். மிச்சமெல்லாம் உங்களைப் போன்ற இலக்கியக்காரர்களின் மனக்குடைச்சல் என்றார். "நீர் கவுண்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர். வெளியே வந்து ஒரு செய்தி சேகரித்துப் பாரும்" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசையும் அவரே கொடுத்தார்.

பொய்ச் செய்தியைப் பற்றிப் பேச அதிகம் ஒன்றுமில்லை. வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் என்ற நிருபர், ஹெராயின் பழக்கத்துக்கு ஆளான எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி 1980இல் எழுதினார். 1981 ஏப்ரலில் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு அறிவித்த சில நாட்களுக்குள் அப்படி ஒரு பையனே இல்லை என்பது வெளியாகி, பரிசு திருப்பித் தரப்பட்டது. வெட்கப்பட வேண்டிய விஷயம்; ஆனால் சிக்கலான விஷயமில்லை. என் நண்பரின் அளவுகோலே போதும். அந்தப் பையன் இல்லாதவன் என்பதால் அவனுக்கு யாரும் தீங்கு செய்யவும் முடியாது.

அதே ஏப்ரல் மாதம் 27ஆம் தேதி தில்லி இண்டியன் எக்ஸ்பிரஸில் வந்த செய்திதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நிருபர் அஸ்வினி சரீன். மத்தியப் பிரதேசத்தில், சிவபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண்ணை 2,300 ரூபாய்க்கு விலைக்கு வாங்கித் தலைநகருக்குக் கூட்டி வந்திருப்பதாக எழுதினார். பெயர் கமலா. பெண்களை விற்கும் சந்தை நடக்கிறது, போலீசும் அரசியல்வாதிகளும் அறிந்தே நடக்கிறது என்று எத்தனை எழுதினாலும் யாரும் அசையமாட்டார்கள். வாங்கிக் காட்டினால் மறுக்கமுடியாது. இதுதான் அந்தச் செய்தியின் தர்க்கம். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியவில்லை. செய்தி உண்மை. நோக்கத்தைச் சந்தேகிக்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. பத்திரிகை உச்ச நீதிமன்றம் வரைக்கும் விஷயத்தைக் கொண்டுபோனது. கமலா தில்லியில் ஒரு காப்பகத்தில் வைக்கப்பட்டாள். பிறகு அங்கிருந்து காணாமல் போனாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நண்பரிடம் சொன்னபோது, "அதற்கு நிருபர் என்ன செய்வார்?" என்றார். நியாயமான கேள்விதான். கேள்வியில் இருக்கும் நிம்மதிதான் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் செய்தியின் தொடக்கத்தை இலக்கியப் பிரதியாக வைத்துக்கொண்டு பார்ப்போம். ஆங்கில இலக்கியம் படித்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கெட்ட பழக்கம்தான். வாங்கிய பெண் குட்டையானவள், மெலிந்தவள் என்று முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. கொடுத்த விலை பஞ்சாபில் ஓர் எருமைக்குக் கொடுப்பதில் பாதி என்று அடுத்து வருகிறது. இந்த ஒப்புமை வாசகனை அதிரவைக்கத்தான். அதிரவும் வைக்கிறது. ஆனால் எருமை விலை தெரிந்தவன் யார்? விற்பவன், வாங்குபவன், செய்தி படிப்பவன், இந்த மூன்று பேரும் நிற்கும் இடத்திலிருந்துதான் அந்த வாக்கியம் பேசுகிறது. கமலா நிற்கும் இடத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது. சந்தையைக் கண்டிக்க வந்த எழுத்து, சந்தையின் பேச்சை எடுத்துக்கொண்டுதான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. சரீன் மோசமாக எழுதிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. மிக நன்றாக எழுதியிருக்கிறார். தொந்தரவே அதுதான்.

கோர்ட்டில் இரண்டு வகை உண்டு. சாட்சி கூண்டில் ஏறிப் பேசுவான். குறுக்கு விசாரணையில் மாற்றிப் பேசுவான், தப்பாகப் பேசுவான், பேச மறுப்பான். சான்றுப்பொருள் மேஜைமேல் சீட்டுக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கத்தி, ரத்தக்கறைச் சட்டை. அதற்கு எண் உண்டு, வாய் கிடையாது. வழக்கு முடிந்தபின் அதை என்ன செய்வது என்பது குமாஸ்தாவின் கவலை. அதே பத்திரிகை 1980 நவம்பரில் பாகல்பூரில் கைதிகளின் கண்களைப் போலீசார் குத்தி அமிலம் ஊற்றியதை அம்பலப்படுத்தியது. அங்கே நிருபர் அருண் சின்ஹா போய் விசாரித்தார். குருடாக்கப்பட்டவர்களுக்குப் பெயர் இருந்தது, சொல்ல அவர்களிடமே கதை இருந்தது, நியாயம் கேட்டார்கள். அவர்கள் சாட்சிகள். கமலாவோ நிருபர் வாங்கியதால் செய்தியானவள். வாங்குதல் நடக்காவிட்டால் செய்தி இல்லை. நியூயார்க்கில் நெல்லி பிளை 1887இல் பைத்தியம் போல் நடித்து மனநோய் விடுதிக்குள் பத்து நாள் இருந்துவிட்டு வந்து எழுதினார். அதுவும் நாடகம்தான், ஏமாற்றுத்தான். ஆனால் பணயம் வைத்தது சொந்த உடம்பை.

கமலா விஷயத்துக்கு ஒரு மூதாதை இருக்கிறது. லண்டனில் பால் மால் கெஜட் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட், 1885இல், அந்த ஊரில் சிறுமிகள் விற்கப்படுவதை நிரூபிக்க ஒரு சிறுமியை வாங்கினார். எலிசா ஆம்ஸ்ட்ராங், வயது 13, விலை 5 பவுன். வாங்கிய சரக்கு கன்னிதான் என்று ஒரு மருத்துவச்சியைக் கொண்டு சோதிக்கச் செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள். விடுதி அறையில் படுக்கவைத்தார்கள். ஸ்டெட் உள்ளே போய்விட்டுத் திரும்பினார். மேற்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை, நடக்க முடியும் என்பதுதான் நிரூபிக்க வேண்டியது. ஜூலையில் கட்டுரைத் தொடர் வந்தது. லண்டனே அல்லோலகல்லோலப்பட்டது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டுப் பெண்ணின் சம்மத வயது 13லிருந்து 16 ஆயிற்று. எத்தனையோ எலிசாக்கள் அந்தச் சட்டத்தால் தப்பியிருப்பார்கள். இதை மறுத்துவிட்டு எந்த வாதமும் செய்ய முடியாது.

ஆனால் ஸ்டெட்மீது வழக்கு வந்தது. தகப்பனின் சம்மதம் வாங்கவில்லை என்பது குற்றம். மூன்று மாதம் சிறை. சிறுமியை வாங்கிக் கொடுத்த ரெபேக்கா ஜாரெட்டுக்கு ஆறு மாதம். சோதித்த மருத்துவச்சிக்குக் கடுங்காவலோடு ஆறு மாதம். அவள் சிறையிலேயே செத்துப்போனாள். ஸ்டெட் பிற்பாடு வருஷா வருஷம் நவம்பர் 10ஆம் தேதி கைதி உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தாராம். தண்டனையைப் பதக்கமாகக் குத்திக்கொள்ள ஆசிரியரால் முடிகிறது. அந்த மருத்துவச்சிக்கு அந்த வசதி இல்லை. எலிசாவைச் சோதிக்கும்போது அவளைக் கேட்டார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. சட்டத்துக்குத் தகப்பனைக் கேட்டால் போதும். அந்த நாளில் பால் மால் கெஜட்டுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்த பெர்னார்ட் ஷா, 1913இல் மேடையேறிய தன் பிக்மாலியனில் கதாநாயகிக்கு எலிசா என்று பெயர் வைத்தார். தகப்பன் அவளை விட்டுக்கொடுக்கக் கேட்கும் தொகை 5 பவுன்.

நம்மூரில் இந்த வேலையை விஜய் தெண்டுல்கர் செய்தார். எக்ஸ்பிரஸ் செய்தி சூடு ஆறுவதற்குள் எழுதிய மராத்தி நாடகம் 'கமலா'. பிரியா அடார்க்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். தெண்டுல்கரின் நிருபன் ஜெய்சிங் ஜாதவ், கமலாவை 250 ரூபாய்க்கு வாங்கி வருகிறான். எங்கே கூட்டிப் போகிறான் என்பதை அவளுக்குச் சொல்வதில்லை. மனைவி சரிதா அவளுக்கு நல்ல புடவை ஒன்று தர நினைக்க, பத்திரிகையாளர் கூட்டத்தில் கிழிசலோடு நின்றால்தான் சரி என்று தடுக்கிறான். கூட்டத்தில் மற்ற நிருபர்கள் கேட்டுச் சிரித்த கேள்விகளை வீட்டுக்கு வந்து ஜெய்சிங்கும் நண்பனும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் இடம் தாங்கமுடியாதது. ஜெய்சிங்கை வில்லனாக்காததுதான் தெண்டுல்கரின் பலம். அவன் தைரியசாலி, உழைப்பாளி. தான் செய்வதில் நம்பிக்கை உள்ளவன்.

இந்த நாடகத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஓர் இரவுக் காட்சியைச் சொல்வார்கள். ஜெய்சிங் உங்களை எவ்வளவுக்கு வாங்கினார் என்று கமலா சரிதாவிடம் சாதாரணமாகக் கேட்கிறாள். சரிதா முதலில் திகைக்கிறாள். பின்பு ஒரு தொகையைச் சொல்கிறாள். நாடகம் முழுவதிலும் கமலா சாட்சியாக நின்று பேசுவது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவளை அந்த ஸ்தானத்தில் தெண்டுல்கர் நிற்கவிடுவதில்லை. தானும் இந்த வீட்டில் அடிமைதான் என்று சரிதாவுக்கு விழிப்பு வருவதற்கு அந்தக் கேள்வி பயன்பட்டுவிட்டது. கமலாவை விடுதிக்கு அனுப்பியாகிறது. அதன்பிறகு மேடை சரிதாவுடையதும், முதலாளியால் வேலையை விட்டு நீக்கப்படும் ஜெய்சிங்குடையதும். கமலாவுக்கு என்ன ஆயிற்று என்று நாடகம் திரும்பிப் பார்ப்பதில்லை. நிருபன் அவளை அரசாங்கத்துக்குச் சான்றாகக் காட்டினான் என்றால், நாடகாசிரியர் நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் நிலைக்குச் சான்றாகக் காட்டியிருக்கிறார். நம் விமர்சகர்கள் இதைச் சொல்லாமல் போனதற்கு, நாடகம் நம் கட்சி, பத்திரிகை எதிர்க்கட்சி என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

கதை இதோடு நிற்கவில்லை. 1984இல் ஜக்மோகன் முந்த்ரா இந்த நாடகத்தை இந்தியில் படமாக்கினார். தங்கள் கட்டுரைகளின் பதிப்புரிமை மீறப்பட்டது என்று பத்திரிகையும் நிருபரும் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நடந்த சம்பவத்தில் யாருக்கும் பதிப்புரிமை கிடையாது, சொல்லும் முறைக்குத்தான் உண்டு என்பது நீதிமன்றம் எடுத்த நிலை. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இதைத்தான். கமலா யாருடையவள் என்று ஒரு செய்தித்தாள், ஒரு நாடகம், ஒரு சினிமா சம்பந்தப்பட்ட வழக்கு. வழக்கின் விஷயமான பெண் அப்போது எங்கே என்று வாதி பிரதிவாதி யாராலும் சொல்ல முடியாது.

விதிகளே இல்லை என்பதில்லை. பிரஸ் கவுன்சில் 1966இல் வந்தது, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டது, 1978ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மீண்டும் வந்தது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்குமேல் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தாலும் இந்த விஷயத்தில் எந்த விதியின்கீழ் யாரைக் கண்டிப்பது? எங்கள் வங்கியில், எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தணிக்கைக்காரர் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திருப்பி, இது இன்னும் தீரவில்லையா என்று கேட்பார். பத்திரிகைத் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

நண்பர் "வெளியே வந்து பாரும்" என்றது எனக்கு உறைத்ததற்கு வேறு காரணம் உண்டு, அவரிடம் சொல்லவில்லை. ஆறு வருஷங்களுக்கு முன், முதியோர் உதவித்தொகை வாங்க வரும் ஒரு கிழவியைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதினேன். கைநாட்டு வைத்ததும் கட்டைவிரல் மையைத் தலைமயிரில் துடைத்துக்கொள்வாள். அதை எழுதினேன். மகன் வாசலில் காத்திருந்து பணத்தைப் பிடுங்கிக்கொள்வதையும், அவளுடைய ஊரையும், மூக்கின் தழும்பையும் எழுதினேன். இதைப் படிக்கும் உங்களில் இரண்டு மூன்று பேர் அந்த மையைப் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. எங்கள் கிளைக்கு அந்தப் பத்திரிகையை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து காட்ட, பியூன் அவளிடமே, "பாட்டி, சார் உன்னைப் பத்திப் பொஸ்தகத்துல எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டான்.

அவள் கவுண்டருக்கு வந்து, "எம் மவனைப் பத்தியுமா சாமி எழுதினீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மகன் வாசலில் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கைநாட்டு வைத்தபின் நான் பழந்துணியை நகர்த்தி வைப்பதற்குள், கட்டைவிரலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போனாள்.