'பார்ன்', களஞ்சியம், கொட்டாரம்: ஒரு சொற்பொருள் நோக்கு

ஆங்கிலப் 'பார்ன்' என்னும் சொல்லுக்குக் களஞ்சியம் என நேர்பொருள் தருவது பொருத்தமன்று. பழைய ஆங்கிலத்தில் 'வாற்கோதுமை வீடு' எனப் பொருள்பட்ட அச்சொல், பின்னர் வைக்கோலையும் கால்நடையையும் தன்னுள் ஏற்றது. தமிழகத்திலோ வைக்கோல் வெளியில் போராக நிற்கும். மாடு தொழுவத்தில் நிற்கும். நெல்லே குதிரிலும் களஞ்சியத்திலும் சேரும். ஒரே கூரையின்கீழ் இம்மூன்றும் அடங்காதபோது ஒரே சொல் எவ்வாறு ஈடாகும்?

திருவரங்கம் கோயிலின் வட்டவடிவ நெற்களஞ்சியங்கள் கொட்டாரம் எனப்படுகின்றன. இது வடமொழிக் 'கோஷ்டாகாரம்' என்பதன் திரிபு. மலையாளத்திலோ கொட்டாரம் அரண்மனை. நெல்லிருப்பே அதிகாரமாக இருந்த காலத்தின் சுவடு இப்பொருள் விரிவில் உண்டு எனக் கருதலாம். களஞ்சியம் வேறு திசையில் விரிந்தது: 1954இல் முதல் தொகுதி கண்ட கலைக்களஞ்சியத்தில் அது அறிவின் சேமிப்பாயிற்று. 'பார்ன்' அவ்வழி செல்லவில்லை.