களவு ஒழுக்கத்தில் ஒப்பும் செலவும்: சங்க அகப்பாடல்களில் இழப்புப் பகிர்வு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

காதல் உறவில் ஈடுபடும் இருவர் அவ்வுறவுக்கான செலவையும் எதிர்பார்ப்பையும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது நேர்மையானது என்னும் வினா இக்காலத்திற்கு மட்டும் உரியதன்று. மணத்திற்கு முந்தைய காதலைக் களவு எனப் பெயரிட்டு இலக்கணம் வகுத்த தமிழ் அகமரபிலும் இவ்வினா உள்ளுறைந்து கிடக்கிறது. தொல்காப்பியம் கூறும் ஒப்பு என்னும் கருத்தையும், குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைகளின் தேர்ந்தெடுத்த பாடல்களையும் ஒருங்கே வைத்து நோக்கி, களவில் யார் எதனைச் செலவிடுகின்றனர், உறவு முறியுமிடத்து யார் எதனை இழக்கின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பாடல்கள் நேர்மை எனக் கருதுவது சமச் செலவை அன்று, இழப்புக்கு ஈடான பொறுப்பையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: களவு, ஒப்பு, கையுறை, இரவுக்குறி, அலர், வரைவு கடாதல், தோழி.

முன்னுரை

சங்க அகப்பாடல்களின் களவு ஒழுக்கம் குறித்து இரு பார்வைகள் ஆய்வுலகில் நிலைபெற்றுள்ளன. ஒத்த அன்புடைய இருவர் தடையின்றிக் கூடும் சமநிலைக் காதலாக அதனைப் போற்றுவது ஒன்று. ஆணின் விருப்பத்திற்குப் பெண் காத்திருக்கும் ஆணாதிக்க அமைப்பின் வடிவமாக அதனைக் காண்பது மற்றொன்று. முன்னது ஒப்பு என்னும் சொல்லைப் பற்றி நிற்கிறது. பின்னது தலைவியின் துயரைப் பற்றி நிற்கிறது. இரண்டிற்கும் பாடல்களில் சான்று உண்டு. எனினும், தொடக்கத்தில் ஒத்தவராகக் கருதப்பட்ட இருவரிடையே உறவின் போக்கில் சுமை எவ்வாறு பிரிகிறது, அப்பிரிவை யார் கேள்விக்கு உட்படுத்துகின்றனர் என்பதை இவ்விரு பார்வைகளும் போதிய அளவு கவனிக்கவில்லை.

இங்கு ‘செலவு’ என்னும் சொல்லே ஆய்வுக்கு ஒரு திறவாக அமைகிறது. அகமரபில் செலவு என்பது பயணம். பொருள்தேடப் புறப்பட எண்ணிய தலைவன் தன் புறப்பாட்டைத் தவிர்த்தல் செலவழுங்குதல் எனப்படும். பிற்காலத் தமிழில் இச்சொல் பொருட்செலவைக் குறிக்கும் வழக்காகப் பெருகியது. தலைவன் வழிநடந்து வருவதும் அவன் தேடும் பொருளும் இவ்விரு பொருளிலும் செலவு எனப் பெயர் பெறத்தக்கவை. தலைவி இருந்த இடத்திலேயே இழப்பவற்றுக்கு இச்சொல் பொருந்துவதில்லை. அலர், இற்செறிப்பு, பசலை என வேறு பெயர்களிலேயே அவை வழங்குகின்றன. பெயர் வேறாயினும் அவையும் செலவே எனக் கொண்டு கணக்கிட்டால் களவின் தோற்றம் மாறுகிறது.

ஒப்பு என்னும் நுழைவு நிபந்தனை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியரிடையே அமைய வேண்டிய ஒப்பினைப் பத்தாக வகுக்கிறது. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு என்பன அவை. இறுதியில் நிற்கும் திரு என்பதைச் செல்வமாகக் கொள்வதும், உள்ளத்தின் திருத்தகவாகக் கொள்வதும் உண்டு. முதற்பொருளைக் கொண்டால், பொருள்நிலை ஒப்பும் காதலுக்குரிய தகுதிகளுள் ஒன்றாகிறது. ஆனால் களவியல், தலைவன் உயர்ந்தவனாக இருப்பினும் அதற்குத் தடையில்லை என விலக்கு அளிக்கிறது. தலைவி உயர்ந்தவளாக இருத்தலுக்கு அத்தகைய விலக்கு கூறப்படவில்லை. ஆகவே ஒப்பு என்பது இருபுறமும் ஒரே அளவில் இயங்கும் விதியன்று. ஒரு பக்கம் சாய்வதற்கு இடமளிக்கும் விதி.

அச்சாய்வு எத்தகைய ஐயத்தை எழுப்பும் என்பதை நற்றிணை 45ஆம் பாடல் காட்டுகிறது. தலைவி கடலில் மீன்பிடிக்கும் பரதவர் மகள். தலைவன் கடைவீதிகள் நிறைந்த ஊரின் தேருடைய செல்வன் மகன். மீன் உணக்கலைக் காத்துப் புள் ஓப்பும் தம்மிடம் புலவு நாறும் எனக் கூறித் தோழி அவனை விலகி நிற்கச் சொல்கிறாள். இதைத் தாழ்வுணர்ச்சியின் வெளிப்பாடாகப் படிப்பது பொருந்தாது. தம் கடல்வாழ்வு சிறிதாயினும் தம்மவருள்ளும் தலைமை உடையோர் உண்டு என அவள் முடிக்கிறாள். அவன் செல்வத்தை அவள் மறுக்கவில்லை. அச்செல்வம் உறவின் நிபந்தனைகளை ஒருதலையாக வகுக்கும் உரிமையைத் தாராது என்பதையே உணர்த்துகிறாள்.

இதன் மறுபக்கமாக அமைவது அகநானூறு 280ஆம் பாடல். அம்மூவனார் பாடிய இந்நெய்தற் பாட்டில், அணிகலன்களோடு பொருள் கொடுத்தாலும் அவளைப் பெறுதல் அரிது என உணர்ந்த தலைவன், தன் ஊரை விட்டு அவள் தந்தையுடன் தங்கி, உப்பளத்தில் உழைத்து, கடலில் உடன்சென்று பணிந்திருந்தால் அவன் மகளைத் தருவானோ என எண்ணுகிறான். பொருளால் ஈடுசெய்ய இயலாத இடத்தில் உழைப்பும் இடப்பெயர்வும் ஈடாக நினைக்கப்படுகின்றன. தலைவன் தன் வாழ்நிலையையே பணயமாக வைக்க எண்ணும் இத்தகைய பாடல்கள் அகத்தொகைகளில் மிகுதியில்லை என்பதும் கருதத்தக்கது.

கையுறை: ஏற்றலும் மறுத்தலும்

காதலர் உறவில் பொருட்செலவு நேராகத் தோன்றும் இடம் கையுறை. குறுந்தொகையின் முதற்பாடலே கையுறை மறுத்த பாடல் என்பது தற்செயலாயினும் பொருளுடையது. திப்புத்தோளார் பாடிய அப்பாட்டில், முருகன் உறையும் தங்கள் மலையிலேயே குருதி நிறக் காந்தள் மிகுந்து கிடக்கிறது எனத் தோழி கூறுகிறாள். அவன் கொணர்ந்த மலர் தங்களிடம் இல்லாத பொருளன்று என்பது கருத்து. பரிசிலை ஏற்பது கடமையை ஏற்பதாகும். தலைவனின் உள்ளம் தெளிவாகாத நிலையில் அக்கடமைக்குள் தலைவியைத் தள்ளத் தோழி இசையவில்லை.

நற்றிணை 359ஆம் பாடல் இச்சிக்கலை மேலும் நுட்பமாக்குகிறது. கபிலர் பாட்டு இது. தலைவன் உடுத்தற்குரிய தழையைத் தந்துள்ளான். அதனை உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும். திருப்பிக் கொடுத்தால் அவனுக்கு நேரும் துயருக்கு அஞ்ச வேண்டும். இரண்டிற்கும் இடையே தழை வாடிவிடுமோ என்பது கவலை. வருடையும் பாய அஞ்சும், அணங்குடைய மலைச்சரிவில் கொய்யப்பட்ட தழை அது. தருவோனின் செலவு இங்கு மறைக்கப்படவில்லை. அவன் உயிர்ப்பயமும் கணக்கில் சேர்கிறது. ஆனால் அவன் செலவு கொய்த அன்றே முடிந்துவிட்டது. பெறுவோரின் செலவு உடுக்கும் நாளில் தொடங்குகிறது. ஒரே பொருள் தருவோனுக்குக் கடந்த இடராகவும் பெறுவோளுக்கு வரவிருக்கும் இடராகவும் அமைவதே களவுக் கொடையின் சிக்கல்.

குறியிடமும் காத்திருப்பும்

இரவுக்குறிப் பாடல்களில் தலைவன் வரும் வழியின் கொடுமை விரிவாகப் பேசப்படுகிறது. யானையும் புலியும் காட்டாறும் மழையும் அவ்வழியில் நிற்கின்றன. அவ்விடரைத் தலைவியும் தோழியும் தம் துயராகவே சொல்கின்றனர். அவனுடைய செலவு அவர்களுடைய கணக்கிலும் ஏறுகிறது. மறுதலையாக, தலைவியின் காத்திருப்பு அவன் கணக்கில் ஏறும் இடங்கள் குறைவு.

பரணரின் அகநானூறு 122ஆம் பாடல் இக்காத்திருப்பை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஊர் உறங்காமை, தாய் உறங்காமை, காவலர், நாய், நிலவு, கூகை, கோழி எனத் தடைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒன்று அடங்கினால் மற்றொன்று எழுகிறது. அனைத்தும் அடங்கிய நாளிலோ அவன் வரவில்லை. தடைகளைக் கடத்தல் வீரமாகப் பாடப்படும் மரபில், தடைகள் அடங்கும் வரை விழித்திருத்தலும் ஓர் உழைப்பே என்பதை இப்பாடல் நிறுவுகிறது.

இச்சமனின்மைக்குக் கபிலரின் குறுந்தொகை 18ஆம் பாடல் உவமையால் வடிவம் தருகிறது. தலைவனது நாட்டில் பலா வேரிலேயே காய்க்கிறது. அதற்கு மூங்கில் வேலியும் உண்டு. தலைவியின் நிலையோ மெல்லிய கிளையில் தொங்கும் பெரிய பழத்தின் நிலை. சுமையின் பெருமையும் அதைத் தாங்கும் உயிரின் சிறுமையும் அங்கு எதிரெதிரே நிற்கின்றன. காமம் இருவர்க்கும் ஒன்றே ஆகலாம். வேரில் காய்த்தது கனிந்தாலும் நிலத்தின்மேலேயே இருக்கும். கிளையில் காய்த்தது காம்பு இற்றால் வீழ்ந்து சிதையும். ஒத்த அன்பு ஒத்த இடரைத் தருவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான உவமையைக் காட்டுதல் அரிது.

பிறர் ஏற்கும் சுமை

களவின் செலவு இருவரோடு நிற்பதில்லை. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். குறுந்தொகை 362ஆம் பாடலில் வேலனை நோக்கி ஒரு வினா எழுப்பப்படுகிறது. ஆட்டுக்குட்டியை அறுத்துப் பலியிட்டால், நோய் தந்த மலைநாடனின் மார்பும் அப்பலியை உண்ணுமோ என்பது அவ்வினா. எள்ளலின் அடியில் நேர்மை குறித்த முறையீடு உள்ளது. நோய்க்குக் காரணமானவன் ஒருவன். பலிக்குப் பொருள் செலவிடுவது மற்றொரு குடும்பம்.

தோழியின் சுமையும் இவ்வகையினதே. அவள் குறியிடம் வகுக்கிறாள், காவல் நிற்கிறாள், தாயிடம் மறைக்கிறாள், காலம் வந்தபோது அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்துகிறாள். மறைத்ததற்கான பழியும் வெளிப்படுத்தியதற்கான பழியும் அவளையே சேரும். அவள் இழப்பைப் பாடல்கள் தனியே பேசுவதில்லை. பிறர் கணக்கைப் பார்ப்பவளின் கணக்கு எழுதப்படாமலே போவது இம்மரபின் எல்லை எனலாம்.

சான்றின்மையும் கரணமும்

செலவுப் பகிர்வின் நேர்மை உறவு நன்கு நடக்கும்போது சோதிக்கப்படுவதில்லை; அது முறியும் நிலையிலேயே சோதிக்கப்படுகிறது. குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலர் அந்நிலையைப் பாடுகிறார். கூடிய நாளில் அங்கிருந்தவன் தலைவன் மட்டுமே. அவன் பொய்த்தால் சொல்ல யாருமில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்று இருந்தது. அதன் கண்ணோ தன் இரையின்மீது. உறுதிமொழி தந்தவனே அதற்கு ஒரே சாட்சியாகவும் இருப்பதால் முழு இழப்பும் தலைவியின் பக்கம் சாய்கிறது.

அகநானூறு 256ஆம் பாடல் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றை உவமையாக எடுத்தாள்கிறது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலம் நுகர்ந்தவன் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். சான்றுகளை உசாவி உண்மை கண்டபின், அவனை மரக்கிளையில் பிணித்து, தலையில் நீறு பெய்தனர். அவையில் ஆரவாரம் எழுந்தது. குருகு காணாததை இங்கு ஊர் கண்டது. இழப்பு முதன்முறையாக ஆணின் பெயர்மீது திரும்புகிறது.

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்காகிய கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறுவதை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். கரணம் ஒழுக்கக் கட்டுப்பாடு மட்டுமன்று. சாட்சிகளை உருவாக்கும் ஏற்பாடும் ஆகும். தோழி இடைவிடாது வரைவு கடாவுவதன் காரணமும் இதுவே. அவள் வேண்டுவது பொருளை அன்று. நற்றிணை 110ஆம் பாடலில், கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் செல்வ உணவை நினையாமல், பொழுது மறுத்து உண்ணும் இளம்பெண்ணைப் போதனார் காட்டுகிறார். பொறுப்பு உறுதியானபின் வறுமையைப் பகிர்வதில் தயக்கமில்லை. உறுதியில்லாத இடத்தில் மலரும் தழையுங்கூடச் சுமையாகின்றன.

ஆய்வின் வரம்பு

அகப்பாடல்கள் புனைவு மரபைச் சார்ந்தவை. இயற்பெயர் சுட்டப்படாத மாந்தரின் கூற்றுகள். அவற்றைச் சமூக வரலாற்றின் நேர்ப்பதிவாகக் கொள்ள இயலாது. பாடல்களின் துறைக்குறிப்புகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. தலைவி கூற்றையும் தோழி கூற்றையும் பாடிய புலவர்களுள் பெரும்பான்மையோர் ஆண்கள். ஆயினும், பெண்ணின் இழப்பை நுட்பமாகக் கணக்கிடும் குரல் ஒன்று அம்மரபுக்குத் தேவைப்பட்டது என்பதே இலக்கியச் சான்றாகும். மரபு தன் சமனின்மையை அறிந்தே இருந்தது.

அவ்வறிவு மீறலுக்கு இட்டுச்செல்லவில்லை என்பதும் உண்மை. மடலேறித் தன் காதலை ஊரறியச் செய்யும் உரிமை ஆணுக்கே இருந்தது; பெண் மடலேறுதலைத் தொல்காப்பியம் விலக்கியது. பின்னாளில் திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகியவற்றில் தலைவி நிலையில் நின்று அவ்விலக்கைக் கடந்தார். அதுவும் பக்தியின் துணையோடு நிகழ்ந்ததே.

முடிவுரை

களவுப் பாடல்களில் தலைவன் செலவிடுவன வழியும் உழைப்பும் கையுறையும். அவை கண்ணுக்குப் புலப்படுபவை. அவன் விரும்பிய அளவில் நிறுத்தத்தக்கவை. தலைவி செலவிடுவன பெயரும் இல்லத்து உரிமையும் காலமும். அவை அவள் விருப்பில் நிற்பவை அல்ல. திரும்பப் பெறத்தக்கவையும் அல்ல. இவ்விருவகைச் செலவையும் சமமாகப் பங்கிடுதல் இயலாது. இதனை உணர்ந்தே தோழி, மிகுதியாக இழக்க நேர்வோளுக்கு மிகுதியான உறுதியைக் கேட்கிறாள்.

இக்காலக் காதல் உறவுகளைப் பற்றிய உரையாடல்களில் உணவுக்கும் பயணத்துக்கும் யார் பணம் கொடுப்பது என்னும் வினாவே முன்னிற்கிறது. பாதியாகப் பகிர்ந்தால் நேர்மை நிறைவுற்றது எனக் கருதும் போக்கும் உள்ளது. அகமரபு அவ்வினாவை மறுக்கவில்லை. அதனைக் கையுறை அளவில் நிறுத்துகிறது. உறவு முறிந்த மறுநாள் ஊர் யாரைப் பேசும், வீட்டுக் கதவு யாருக்கு அடைபடும் என்பதே தோழியின் வினா. அவ்வினாவுக்கு விடை ஒருதலையாக இருக்கும்வரை, பாதியாகப் பகிரப்பட்ட செலவும் நேர்மையான பகிர்வு ஆகாது.