டார்ட்மத்துக் கருத்தரங்கும் எழுத்தாய்வும்

தாய்மொழியாக ஆங்கிலம் கற்பித்தலை ஆராய, 1966-இல் அமெரிக்காவின் டார்ட்மத்துக் கல்லூரியில் பிரித்தானியர், அமெரிக்கர் முதலிய அறிஞர் ஏறத்தாழ 50 பேர் கூடினர். ‘ஆங்கிலம் என்னும் பாடம் யாது?’ என்பதே அவர்முன் நின்ற முதல் வினா. அரங்கின் கருத்துகளை ஜான் டிக்சன் 1967-இல் நூலாக்கினார். திறன், மரபு, வளர்ச்சி என நோக்கு மூன்றனுள் மாணவரது வளர்ச்சிக்கே அவர் முதன்மை தந்தார்.

மாணவர் தம் பட்டறிவைத் தம் மொழியில் எழுதுதல் வேண்டும் என்னும் இக்கொள்கையை யாம் போற்றுகின்றோம். எனினும் ஒரு குறை உண்டு. டிக்சன் மாணவர் எழுதி முடித்தவற்றைக் காட்டினாரேயன்றி, அவர்தம் எழுதும் செயலை ஆராய்ந்தாரல்லர். எழுதுவோர் எங்கே தயங்குகின்றனர், எதனை அடித்துத் திருத்துகின்றனர் என்பவற்றை அருகிருந்து காணாது எழுத்தின் பயனை உரைத்தல் கொள்கையாகுமன்றி ஆய்வாகாது.

அக்குறையை நிரப்ப முற்பட்டவர் ஜேனட் எமிக். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்மரை, எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து, கண்டவற்றை அவர் 1971-இல் வெளியிட்டார். எழுதுதல் நேரே செல்வதன்று, முன்னும் பின்னும் மீண்டு நடப்பது என அவ்வாய்வு காட்டிற்று. அறிஞர் பலர் கூடி உரையாடியும் பெறாத தெளிவு, எண்மர் எழுதுவதை உற்று நோக்கியவழிக் கிட்டிற்று. ஆதலின் எழுத்தைப் பற்றிய கொள்கைக்குக் கண்கூடே அடிப்படையாதல் வேண்டும் என்பது எம் துணிபு.