இரண்டாவது குரலின் வேலை

ஒருவர் சொல்ல, மற்றவர் வியக்க, நாற்பது நிமிடம் ஓடிவிடுகிறது பொது அறிவுப் பொட்காஸ்ட். நெடுந்தீவில் குதிரைகள் உண்டு என்றால் ‘அப்பிடியோ!’. நயினாதீவில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு என்றாலும் அதே ‘அப்பிடியோ!’. இந்த இரண்டாவது குரல் எதற்காக இருக்கிறது, அது இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டுத்தான் இந்த வடிவத்தை எடைபோட வேண்டும். நான் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தை வைத்துக் கேட்கிறேன். இங்கே சொல்வதற்குக் கதை நிறைய, சோதித்துப் பார்க்க வேண்டிய கதையும் நிறைய. தமிழ் ஒலிபரப்பை ஒரு கலையாக எண்ணி நூல் எழுதியவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான்.

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன்னைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் 1912இல் பிறந்தவர். ஈழகேசரி பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார், இலங்கை வானொலிக்குப் போனார், பிறகு லண்டனில் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பை நடத்தினார். ‘தமிழோசை’ என்ற பெயர் அவர் வைத்தது. ‘ஒலிபரப்புக் கலை’ அவருடைய நூல். அந்தக் காலத்து வானொலிப் பேச்சு ஒற்றைக் குரல்: எழுதி, திருத்தி, நேரம் பார்த்து வாசிப்பது. கேட்பவர் குறுக்கிட முடியாதுதான். ஆனால் எழுதும்போதே பேச்சாளர் தன்னைப் பல தடவை குறுக்கிட்டிருப்பார்.

அவரே பிற்காலத்தில் எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து 1977இல் தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுதினார். இரண்டு பேர் எழுதிய நூல். எந்த நாவலைப் பற்றி யார் சொன்னதை யார் மறுத்தார், எங்கே யார் விட்டுக்கொடுத்தார் என்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்பே இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வந்த வழி அழிந்துபோகிறது. இருவர் பேசும் பொட்காஸ்டில் அந்த வழி முழுவதும் காதில் விழும். வானொலிப் பேச்சுக்கும் நூலுக்கும் இல்லாத சொத்து இது. இதை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதே என் அளவுகோல்.

நெடுந்தீவுப் பெருக்க மரத்தை எடுப்போம். அடிமரம் குடைந்து கிடக்கிறது, ஆள் உள்ளே போய் நிற்கலாம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பார்கள். மரம் ஆபிரிக்காவுக்கு உரியது, கடல்வழியாக யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதுவரை நம்பலாம். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் இதே இன மரத்துக்கோ 1477 என்று நட்ட ஆண்டே சொல்லப்படுகிறது. நடுவில் வெறுமையாகிப்போன மரத்தில் வளையம் எண்ணி வயது காண முடியாது. ஆபிரிக்காவில் இந்த மரங்களின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணிக்கிறார்கள். அப்படியானால் 1477 எங்கிருந்து வந்தது? ஊரில் எந்தக் கிழவியும் கேட்கும் கேள்விதான்: ‘உதை ஆர் சொன்னது?’

நான் கேட்ட உரையாடல்களில் இந்தக் கேள்வி வரவேயில்லை. மரத்துக்கு ஒரு வியப்பு, அடுத்தது அதே தீவில் வளர்வதாகச் சொல்லப்படும் கல். இன்னொரு வியப்பு, பாறையில் பதிந்ததாகச் சொல்லப்படும் ராட்சதப் பாதம். பிறகு குதிரை. நான்கும் ஒரே குரலில், ஒரே நிறையில். ஆனால் இவை ஒரே நிறையுள்ளவை அல்ல. குதிரைகளுக்கு எழுத்துச் சான்று உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரை வளர்ப்பும், ஆங்கிலேயர் ஆட்சியில் தீவை நிர்வகித்த லெப்டினன்ட் நோலனும் பதிவில் உண்டு. வளரும் கல்லை மக்கள் புனிதமாகக் கருதுகிறார்கள். அது மக்களைப் பற்றிய உண்மை, மரியாதையோடு சொல்லப்பட வேண்டியது. கல் வளர்கிறது என்பது வேறு. அதை அளந்துவிட்டுத்தான் சொல்லலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு ஆள் பக்கத்தில் இருந்தும் பிரிக்கவில்லை என்றால், அந்தக் கதிரையில் அவர் இருந்து என்ன பயன்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இரண்டாமவர் கேட்பவருக்காக இருக்கிறார், அவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்பார்கள். ரொறன்ரோவில் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும் தீவுக்காரருக்கு ஆய்வரங்கு வேண்டாம், ஊரைப் பற்றி இரண்டு பேர் சந்தோஷமாகக் கதைப்பது போதும். போரில் இடம்பெயர்ந்து தீவகத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ‘அப்பிடியோ’தான் ஊருக்குள் நுழையும் முதல் வாசல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாதவர் கேள்வி கேட்பார். இங்கே இரண்டாமவர் கேட்பதில்லை, ஆமோதிக்கிறார். தூரத்தில் இருக்கும் அந்தப் பிள்ளைகளால் 1477ஐ வந்து விசாரிக்க முடியாது. கேட்டதை அப்படியே தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அவர்களுக்காகவாவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வடிவம் தன் முழுப் பலத்தைக் காட்டக்கூடிய இடம் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலில் உடைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, பிறநாட்டார் வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு.

ஒற்றைக் குரல் இதை அழகாக வாசித்துவிட்டுப் போய்விடும். கல்வெட்டின் வாசகத்தைப் படித்துவிட்டு வந்த இரண்டாமவர் இங்கே நிறுத்துவார். இலங்கையில் யானைக்கு என்ன பஞ்சம்? பிற்காலத்தில் இதே ஊர்காவற்றுறையிலிருந்துதானே யானைகள் கப்பலேறின? பிறகு ஏன் யானை கொண்டுவருகிறவனுக்குச் சலுகை? முதலாமவர் தடுமாறட்டும். கல் தருகிற காரணம் அரசனுக்கு யானை குதிரையில் உள்ள விருப்பம், அதற்கு மேல் சொல்வது ஊகம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். அடுத்த கேள்வி: ஆணை இருந்தால் வணிகம் நடந்தது என்று ஆகிவிடுமா? ஊர்காவற்றுறை இருக்கும் அதே தீவின் அல்லைப்பிட்டியில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தபோது சொங் காலத்துச் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன, 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தாரும் வந்து அகழ்ந்தார்கள் என்று பதில் வரும். அந்தப் பாண்டங்கள் பெரும்பாலும் பராக்கிரமபாகுவுக்கு முந்தியவை அல்லவா என்று இரண்டாமவர் விடாமல் பிடிக்கலாம். அப்போதுதான் உண்மையான சித்திரம் தெளியும்: ஏற்கெனவே கப்பல் வந்துகொண்டிருந்த துறைக்குத்தான் அரசன் சட்டம் போட்டிருக்கிறான். இந்த முடிவைக் கேட்பவர் தானும் கூடவே நடந்து அடைகிறார்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத் தீவும் இப்படித்தான். நயினாதீவே மணிபல்லவம் என்று பெருமையோடு சொல்லப்படுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கே முப்பது யோசனைத் தூரம் என்கிறது மணிமேகலை. பூம்புகாரிலிருந்து நயினாதீவு நேர்கோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். யோசனைக்கு எட்டுக் கிலோமீற்றர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 240 வருகிறது. இது ஒன்றே நயினாதீவை விலக்கிவிடாது, காப்பியத்துத் தூரத்தை முழக்கோல் கொண்டு அளக்க முடியாது. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் பெருமையை மட்டும் சொல்வது கேட்பவரைக் குறைத்து மதிப்பது.

வெளியே பார்த்தால், 2008இல் தொடங்கிய அமெரிக்க நிகழ்ச்சி ‘ஸ்டஃப் யூ ஷுட் நோ’வில் ஜோஷ் கிளார்க்கும் சக் பிரையன்டும் எடுத்த பொருளை இருவருமே படித்துவிட்டு வருகிறார்கள். சிரிப்புக்கு அங்கே குறைவில்லை. படித்த கூட்டாளி இருந்தால் கலகலப்புப் போய்விடும் என்ற பயத்துக்கு இது போதுமான பதில்.

என் தீர்ப்பு இது. தீவகத்தைச் சொல்வதற்கு இருவர் பேசும் வடிவமே ஒற்றை வானொலிப் பேச்சைவிடப் பொருத்தமானது. இங்குள்ள செய்திகளில் பாதி எழுத்திலும் பாதி வாய்மொழியிலும் இருக்கின்றன, இரண்டையும் உரச இரண்டு பேர் வேண்டும். ஆனால் இன்று பெரும்பாலும் நடக்கிறபடி பார்த்தால் அது சிவபாதசுந்தரம் காலத்துப் பேச்சைவிடக் கீழே நிற்கிறது. அன்றைய பேச்சாளர்கள் எழுதித் திருத்திய கவனமும் இதில் இல்லை, இருவர் இருப்பதால் வரவேண்டிய தர்க்கமும் இல்லை. குறை இணைத் தொகுப்பாளருடையது மட்டுமல்ல. படித்ததைக் காட்டிக்கொள்ளாமல் கேட்பது கடினமான வேலை, அதற்கு அவருக்கு நேரமும் பெயரும் கொடுக்கப்படுவதில்லை. தொகுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் ‘தெரியாது’ என்று இருவரும் தயங்குகிற அந்த இடங்கள்தான். அவற்றை விட்டுவைத்தாலே பாதி நோய் தீரும்.

ஒரு எல்லையையும் சொல்லவேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குதிரைக்கும் பெருக்க மரத்துக்கும் நடுவில் இதை ஒரு தகவலாகச் செருகிய உரையாடல்களும் இருக்கின்றன. அது கூடாது. அதற்கு இரண்டு தொகுப்பாளர்களும் விலகிக்கொண்டு, படகில் இருந்தவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் பேசவிட வேண்டும், அவர்கள் பேச விரும்பினால்.